மறுப்பதில் இருந்த உறுதி

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது: உலகத் தலைவர்களுக்கு அரசியல் உறுதி இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மாநாடு முடிந்த மறுநாள் தலையங்கங்கள் இதையே எழுதுகின்றன. பேச்சுவார்த்தைகளின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆட்சிகள் மாறியும் தளராத உறுதி ஒன்று அந்த அரங்குகளில் இருந்துவந்திருக்கிறது. இழப்பீடு என்ற பேச்சை ஒப்பந்தங்களுக்குள் நுழையவிடக் கூடாது என்ற உறுதி அது. வனுவாட்டு என்ற சிறு நாட்டின் கதையைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

வனுவாட்டு பசிபிக் பெருங்கடலில் சுமார் எண்பது தீவுகள் சேர்ந்த நாடு. மக்கள்தொகை மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டும். பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட அந்தத் தீவுகள் 1980இல் விடுதலை பெற்றன. பத்தாண்டுகள் கழித்து, 1990இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானபோது, அதன் முதல் தலைமைப் பொறுப்பு வனுவாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1987இல், மாலத்தீவின் அதிபர் மவுமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் கடல்மட்டம் உயர்ந்தால் தன் நாடே இல்லாமல் போகும் என்று பேசியிருந்தார். அந்த எச்சரிக்கைக்குச் சட்ட வடிவம் கொடுக்கும் வேலையை வனுவாட்டு எடுத்துக்கொண்டது.

1991இல், காலநிலை உடன்படிக்கைக்கான வரைவு தயாராகிக்கொண்டிருந்த வேளையில், தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு ஒரு திட்டத்தை முன்வைத்தது. கடல்மட்ட உயர்வால் சிறு தீவுகளுக்கும் தாழ்வான கடலோர வளரும் நாடுகளுக்கும் நேரும் இழப்பை ஈடுசெய்ய ஒரு பன்னாட்டுக் காப்பீட்டு நிதியம் வேண்டும். தொழில்வள நாடுகள் அதற்குப் பணம் தரவேண்டும். எந்த நாடு எவ்வளவு தருவது என்பதற்கும் கணக்கு இருந்தது: பாதித் தொகை தேசிய உற்பத்தியின் அளவைப் பொறுத்து, மறுபாதி அது வெளியேற்றும் கரியமில வாயுவின் அளவைப் பொறுத்து. கடல் குறிப்பிட்ட மட்டத்தை எட்டும்வரை இழப்பீடு கோர முடியாது என்ற கட்டுப்பாட்டையும் அவர்களே சேர்த்திருந்தார்கள்.

இது வெறும் கனவல்ல. அணு விபத்துகளுக்கான இழப்பீடு குறித்து ஐரோப்பிய நாடுகள் 1963இல் பிரசல்ஸில் செய்துகொண்ட உடன்படிக்கையைத்தான் இதற்கு முன்மாதிரியாக எடுத்திருந்தார்கள். எண்ணெய்க் கசிவுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு அப்போதே நடைமுறையில் இருந்தது. 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரம் ‘டோரி கேன்யன்’ எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில் எண்ணெய் மாசுக்கான பன்னாட்டு இழப்பீட்டு நிதியம் ஒன்றுக்கு உடன்படிக்கை தயாரானது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கடல்வழியாக எண்ணெய் பெறும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்டவேண்டும். அந்த ஏற்பாட்டின் வழிவந்த நிதியம் இன்றும் இயங்குகிறது. ஆக, எல்லை தாண்டும் தீங்குக்குப் பொதுப் பணப்பை ஒன்றை உருவாக்க உலகுக்குத் தெரியும். பணக்கார நாடுகளின் கரைகளே பாதிக்கப்பட்டபோது அது விரைவாகவே நடந்தது.

வனுவாட்டின் திட்டத்துக்கு என்ன ஆயிற்று? 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு 8ஆம் உட்பிரிவில் ‘காப்பீடு’ என்ற சொல் மட்டும் எஞ்சியது. நிதியமும் பங்களிப்புக் கணக்கும் வரைவிலேயே காணாமல் போயின. அமெரிக்கா வாயு வெளியேற்றத்துக்குக் கட்டாய இலக்கு எதையும் ஏற்க மறுத்ததால், உடன்படிக்கையிலும் அப்படி ஓர் இலக்கு இல்லை.

அமெரிக்காவைத் தனிமனிதர்களின் மனப்போக்கைக் கொண்டு புரிந்துகொள்ள முடியாது. அந்நாட்டு அரசமைப்பின்படி முறையான பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றுக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1997 ஜூலையில், கட்டாய இலக்குகளை முடிவுசெய்யவிருந்த கியோட்டோ மாநாட்டுக்குச் சில மாதங்களே இருந்தபோது, செனட் ஒரு தீர்மானத்தை 95–0 என்ற கணக்கில் நிறைவேற்றியது. வளரும் நாடுகளுக்கும் அதே காலத்தில் கட்டுப்பாடு விதிக்காத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கடும் பாதிப்பு தரும் எந்த ஒப்பந்தத்திலும் அரசு கையெழுத்திடக் கூடாது என்றது அது. குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் எடுத்த முடிவு. அதன் பிறகு கிளின்டன் அரசு கியோட்டோ நெறிமுறையில் கையெழுத்திட்டாலும் அதை செனட்டுக்கு அனுப்பவே இல்லை; 2001இல் புஷ் அதைக் கைவிட்டார். பிற்பாடு பாரிஸ் ஒப்பந்தத்தில் வெளியேற்றக் குறைப்பு இலக்குகளை ஒவ்வொரு நாடும் தானே அறிவிக்கலாம் என்று வைத்ததற்கும் இந்த 95–0 ஒரு பெரிய காரணம். செனட்டுக்குப் போகாமலேயே அமெரிக்கா சேரக்கூடிய ஒப்பந்தமாக அதை வடிவமைக்க வேண்டியிருந்தது.

மறுப்புக்குப் பேச்சுவார்த்தை அரங்கிலேயே இன்னொரு காவலும் இருந்தது. வெளியில் அதிகம் பேசப்படாத செய்தி இது. உடன்படிக்கை உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு 1995இல் பெர்லினில் நடந்தபோது நடைமுறை விதிகளை ஏற்க வேண்டியிருந்தது. வாக்கெடுப்பு பற்றிய 42ஆம் விதியில் உடன்பாடு எட்டவில்லை. பெரும்பான்மை வாக்கால் கடுமையான நெறிமுறை ஒன்று வந்துவிடும் என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் அஞ்சின. பெரும்பான்மையாக இருக்கும் வளரும் நாடுகள் வாக்களித்துப் பணம் கேட்டுவிடும் என்று பணக்கார நாடுகள் அஞ்சின. இரண்டு அச்சங்களும் சேர்ந்து அந்த விதியை நிறுத்திவைத்தன. அது இன்றுவரை ஏற்கப்படவில்லை. அதனால் ஒவ்வொரு முடிவும் கருத்தொற்றுமையால் எடுக்கப்பட வேண்டும். தலைமை வகிப்பவர் துணிந்தால் ஒரு நாட்டின் எதிர்ப்பைத் தாண்டலாம் என்பதும் நடந்திருக்கிறது: 2010இல் கான்குனில் பொலிவியா எதிர்த்தபோதும் மெக்சிகோவின் பத்ரீசியா எஸ்பினோசா முடிவை அறிவித்துச் சுத்தியலைத் தட்டினார். எதிர்ப்பது அமெரிக்காவாகவோ சவூதி அரேபியாவாகவோ இருந்தால் அத்தகைய துணிச்சலை எதிர்பார்க்க முடியாது. ஏறத்தாழ இருநூறு நாடுகள் கூடும் அவையில் ‘வேண்டாம்’ என்பவரின் சொல்லே எடை கூடியதாக இருப்பது இப்படித்தான்.

‘இழப்பும் சேதமும்’ என்ற தொடர் 2007இல் பாலியில்தான் மாநாட்டு முடிவு ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றது. வனுவாட்டின் திட்டத்துக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது அவ்வளவே. 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைச் சிதைத்த சில நாட்களில் வார்சாவில் மாநாடு கூடியது. பிலிப்பைன்ஸின் பிரதிநிதி யெப் சானோ அவையில் கண்ணீருடன் பேசி உண்ணாநோன்பை அறிவித்தார். இரண்டாம் வாரத்தில், விடியலுக்கு முந்தைய நேரத்தில், வளரும் நாடுகளின் அணி இழப்பீட்டுப் பேச்சிலிருந்து மொத்தமாக வெளியேறியது. அதன்பின் ‘வார்சா பன்னாட்டுப் பொறியமைவு’ என்று ஓர் அமைப்பு உருவானது. அதற்கு ஆய்வு செய்யவும் ஒருங்கிணைக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் கையில் நிதி கிடையாது.

2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டைத் தாக்கியது. அப்போது அந்நாட்டின் அதிபர் பால்ட்வின் லான்ஸ்டேல் பேரிடர் அபாயக் குறைப்புக்கான ஐ.நா. மாநாட்டுக்காக ஜப்பானின் செண்டாய் நகரில் இருந்தார். சேதமும் இழப்பும் சேர்ந்து சுமார் 45 கோடி டாலர்; நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 64 சதவீதம். ஒரே இரவில் ஒரு தேசத்தின் ஏழெட்டு மாத உழைப்பு போயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ். தீவு நாடுகளின் ராஜதந்திரம் அதன் உச்சத்தைத் தொட்டது அங்கேதான் என்று சொல்வேன். அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டி பிரம். ஒன்பது வயதுச் சிறுவனாகத் தாத்தாவுடன் மீன்பிடிக்கப் போயிருந்தபோது, 1954இல் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ‘பிராவோ’ ஹைட்ரஜன் குண்டின் ஒளியைத் தன் கண்ணால் கண்டவர். வல்லரசு ஒன்றிடம் இழப்பீடு பெறுவது எப்படியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மார்ஷல் தீவுகளில் நடத்திய அணுச் சோதனைகளுக்காக அமெரிக்கா 15 கோடி டாலரில் ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. அதையொட்டி அமைந்த தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கும் மேல் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிதியம் வற்றியது, தீர்ப்புத் தொகையின் பெரும்பகுதி இன்னும் கொடுபடவில்லை. அந்த அனுபவத்தோடு வந்தவர்தான் ஐரோப்பிய நாடுகளையும் ஆப்பிரிக்க நாடுகளையும் கடைசியில் அமெரிக்காவையும் ஒரே அணியில் சேர்த்து, புவி வெப்ப உயர்வுக்கு 1.5 டிகிரி என்ற வரம்பை ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவில் இடம்பெறச் செய்தார்.

அதற்கு விலை இருந்தது. இழப்பும் சேதமும் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவாகத் தனி இடம் பெற்றன. ஆனால் ஒப்பந்தத்தை ஏற்கும் மாநாட்டு முடிவின் 51ஆம் பத்தியில், அந்தப் பிரிவு எவ்விதப் பொறுப்புடைமைக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்று எழுதப்பட்டது. அமெரிக்கா விட்டுக்கொடுக்காத வரி அது. வனுவாட்டு 1991இல் கேட்டதை 2015இல் பெயர் சொல்லி மறுத்த வரி. தீவு நாடுகள் அதை ஏற்றது தவறு என்று நான் கருதவில்லை. 1.5 டிகிரி இல்லாமல் இழப்பீட்டை மட்டும் பெறுவது அவர்களுக்கு என்ன பயன்? அதோடு, பல தீவு நாடுகள் ஒப்பந்தத்தை ஏற்கும்போதே பொதுவான பன்னாட்டுச் சட்டப்படி தமக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத்தில் பதிவு செய்தன. அன்று பலர் கண்டுகொள்ளாத அந்தச் சிறு அறிவிப்புகளைப் பத்தாண்டு கழித்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் தொலைநோக்கு விளங்குகிறது.

நிதியத்துக்கான மறுப்பு உடைந்தது 2022இல், எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில். அவ்வாண்டு பாகிஸ்தான் வெள்ளத்தில் 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் பொருளாதார இழப்பும் 3,000 கோடி டாலரைத் தாண்டின. தற்செயலாக, வளரும் நாடுகளின் அணிக்கு அந்த ஆண்டு பாகிஸ்தானே தலைமை வகித்தது. அமைச்சர் ஷெர்ரி ரெஹ்மான் அணியைக் கடைசிவரை சிதறவிடவில்லை. முதலில் ஐரோப்பிய ஒன்றியம் இறங்கிவந்தது. தனித்து நிற்க விரும்பாத அமெரிக்காவும் பின்தொடர்ந்தது. இழப்பு–சேத நிதியம் பிறந்தது. ஆனால் பங்களிப்பு கட்டாயமல்ல, விருப்பத்தின் பேரில். எத்தகைய நிலையிலும் அமெரிக்கா இழப்பீடு தராது என்று அந்நாட்டின் காலநிலைத் தூதர் ஜான் கெர்ரி 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். அவ்வாண்டு துபாய் மாநாட்டில் அமெரிக்கா அறிவித்தது 1 கோடியே 75 லட்சம் டாலர். 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு நிதியத்தின் ஆட்சிக்குழுவிலிருந்தே விலகியது. எல்லா நாடுகளும் அறிவித்த தொகையைக் கூட்டினாலும், இரண்டு பாம் புயல்களின் சேதத்தை அது ஈடுகட்டாது.

பணம் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க இயலவில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு உலக அரசுகள் 2022இல் நேரடியாகக் கொடுத்த மானியம் மட்டும் 1.3 லட்சம் கோடி டாலர் என்று பன்னாட்டு நாணய நிதியம் கணக்கிட்டது.

பணத்தை மறுத்த இந்தக் கதைக்கு ஓசோன் படலத்தின் கதை நேர் எதிரானது. 1987இல் மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. ஓசோனை அரிக்கும் குளிர்பதன வாயுக்களைக் கைவிடும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை எழுப்பி இந்தியாவும் சீனாவும் வெளியே நின்றன. 1990இல் லண்டன் கூட்டத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இந்தியாவின் சார்பில் இதற்காகவே வாதாடினார். வளரும் நாடுகளின் மாற்றச் செலவுக்கு ஒரு பலதரப்பு நிதியம் உருவானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. ஓசோன் படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. மாற்றுப் பொருட்கள் கைவசம் இருந்ததும், தயாரிப்பு சில பெரிய நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்ததும் அந்த வெற்றிக்கு உதவின என்பது உண்மை. கரி எரிப்பது நம் வாழ்வின் எல்லா மூலைகளிலும் இருக்கிறது; இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆயினும் பணத்தின் கேள்விக்கு முதலில் விடை கண்ட பிறகே பெரிய நாடுகள் உள்ளே வந்தன என்ற பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

வனுவாட்டு இதற்கிடையே வேறொரு வழியைத் தேடியது. 2019இல் தலைநகர் போர்ட் விலாவிலுள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 27 சட்ட மாணவர்கள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: காலநிலை பற்றிய நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? வனுவாட்டு அரசு அதை ஏற்றது; அதன் அமைச்சர் ரால்ஃப் ரெகென்வானு அதை நாடு நாடாக எடுத்துச் சென்றார். இந்த வழியின் சூட்சுமம் அரங்கை மாற்றியதில் இருக்கிறது. காலநிலை மாநாட்டில் பெரிய நாடு ஒன்று மறுத்தால் எதுவும் நகராது. ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு உண்டு. நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. 130க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிய, 2023 மார்ச் 29 அன்று தீர்மானம் வாக்கெடுப்பே தேவைப்படாமல் நிறைவேறியது. தோற்பது உறுதி என்று தெரிந்த இடத்தில் யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை.

2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் இரு வாரங்கள் நடந்த விசாரணையில் 96 நாடுகள் பேசின. அமெரிக்கா, சீனா, சவூதி அரேபியா முதலிய பெரிய வெளியேற்றக்காரர்கள் சொன்னதன் சாரம், காலநிலை ஒப்பந்தங்களே போதும், அவற்றுக்கு அப்பால் நீதிமன்றம் போகவேண்டாம் என்பது. இந்தியாவும் அந்தப் பக்கமே நின்றது. வரலாற்றுப் பொறுப்பு வளர்ந்த நாடுகளுக்கு என்று வலியுறுத்தியதோடு, புதிய கடமைகளை உருவாக்கவேண்டாம் என்றும் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், பாக்கூ மாநாட்டில் வளரும் நாடுகளுக்கான காலநிலை நிதியாக ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற இலக்கு முடிவானபோது, அந்தத் தொகை வெறும் தோற்ற மயக்கம் என்று இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அவையில் கடுமையாகச் சாடியிருந்தார். பாக்கூவில் அவர் சொன்னது முற்றிலும் நியாயம். தி ஹேக்கில் எடுத்த நிலை அந்த நியாயத்தைப் பலவீனப்படுத்தியது என்பதே என் எண்ணம். வரலாற்றுப் பொறுப்பைச் சட்டப் பொறுப்பாக்கும் வாய்ப்பு வந்தபோது, அந்தச் சட்டம் நாளை தன்னையும் தொடும் என்ற கவலை மேலோங்கியது. தனிநபர் வெளியேற்றத்தில் உலகச் சராசரிக்குக் கீழே இருக்கும் நாடு அவ்வளவு அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்தை அறிவித்தது. ஒப்பந்தங்கள் மட்டுமே போதும் என்ற வாதம் தள்ளுபடியானது. பிற நாடுகளுக்குப் பெருந்தீங்கு நேராமல் காப்பது வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டத்தின் கடமை. பாரிஸில் சேராத நாட்டையும் விலகிய நாட்டையும் அது கட்டுப்படுத்தும். புதைபடிவ எரிபொருள் தோண்ட உரிமம் தருவதும் மானியம் தருவதும்கூடச் சட்டமீறலாக அமையக்கூடும். மீறிய நாடு தவறை நிறுத்தவேண்டும். தீங்குக்கும் மீறலுக்கும் தொடர்பு நிறுவப்பட்டால் முழு ஈடும் செய்யவேண்டும். கடல் ஏறி நிலம் சுருங்கினாலும் தீவு நாடு தன் தேசத் தகுதியைத் தானாக இழந்துவிடாது என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். 51ஆம் பத்தி பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் திறந்தது. அதைத் திறந்தவர்கள் மாணவர்கள்.

ஆலோசனைக் கருத்து தன்னளவில் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அதற்கடுத்த நவம்பரில் பிரேசிலின் பெலேம் மாநாட்டு முடிவில் புதைபடிவ எரிபொருள் என்ற சொல்லே இடம்பெறவில்லை. பழைய விதி, பழைய மறுப்பு. ஆனால் மறுப்பதற்கு இனி விலை உண்டு. உள்நாட்டு நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பவர்கள் இந்தக் கருத்தைச் சுட்டுவார்கள். எரிபொருள் உரிமம் வழங்கும் அதிகாரியின் மேசைக்கு அது வரும். கடனும் காப்பீடும் தருபவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். அரசியல் உறுதி தலைவர்களின் நெஞ்சில் திடீரென்று பிறப்பதில்லை. செயல்படுவதைவிட மறுப்பது அதிகச் செலவு வைக்கும்போது அது தானே வருகிறது.

நமக்கு மிக அருகிலிருந்து ஒரு கணக்கு. பெலேம் மாநாடு முடிந்த ஒரு வாரத்துக்குள் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்சரிவுகள் மலையகத் தமிழரின் குடியிருப்புகளையும் விட்டுவைக்கவில்லை. நேரடிச் சேதம் சுமார் 410 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. பெலேமில் இழப்பு–சேத நிதியம் தன் முதல் அழைப்பை வெளியிட்டிருந்தது: எல்லா நாடுகளுக்குமாக 25 கோடி டாலர், ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் 2 கோடி. கடன் நெருக்கடியிலிருந்து இன்னும் மீளாத நாடு மீதிக்கு என்ன செய்யும்? மறுபடி கடன்தான் வாங்கவேண்டும்.

நிதியத்தின் முதல் பெரிய நிதி திரட்டல் 2027இல் நடக்க இருக்கிறது. இந்தியா அதில் தன் விருப்பமாக ஒரு தொகையை வைக்கவேண்டும். பெரிய தொகை தேவையில்லை. 1990இல் லண்டனில் கேட்கும் உரிமையோடு பேசிய நாடு, கொடுத்துவிட்டும் பேசினால் ஐரோப்பாவும் சீனாவும் ஒதுங்கி நிற்பது கடினமாகும். தி ஹேக்கில் எடுத்த நிலையையும் மறுபரிசீலனை செய்து, நீதிமன்றத்தின் கருத்தைத் தன் வாதத்துக்கு ஆதாரமாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விகள் நம் நாடாளுமன்றத்தில் அதிகம் எழுவதில்லை. உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.